சீட்டு மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர்: கோயாவின் ஒரு குடும்ப ஓவியத்தைத் தேடி ஆறு நாள்

தேடிப் போகிற ஓவியம் ஒன்றே ஒன்றுதான். பிரான்சிஸ்கோ கோயா 1784-இல் தீட்டிய ‘இன்ஃபான்டே தோன் லூயிஸின் குடும்பம்’. கித்தானில் எண்ணெய் வண்ணம். உயரம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர், அகலம் மூன்றேகால் மீட்டர். ராத்திரி நேரம். ஒரு மேசை, அதன் மேல் ஒரு மெழுகுவத்தி. வீட்டுக்காரர் சீட்டுகளைப் பரப்பி வைத்திருக்கிறார். மனைவிக்குத் தலைவாரிக்கொண்டிருக்கிறார்கள். கைக்குழந்தை தாதியிடம் இருக்கிறது. வேலைக்காரர்களும் காரியதரிசிகளும் சுற்றி நிற்கிறார்கள். படுக்கப் போகும் முன் எந்த வீட்டிலும் இருக்கிற அரைமணி நேரம்தான் இது. ஆனால் அந்த வீட்டுக்காரர் ஸ்பெயின் அரசர் ஐந்தாம் பெலிப்பேயின் மகன், அப்போது ஆண்டுகொண்டிருந்த மூன்றாம் கார்லோஸின் உடன்பிறந்த தம்பி. பட்டத்துக்கு உரியவன் அல்லாத அரச மகனை ஸ்பெயினில் ‘இன்ஃபான்டே’ என்பார்கள்.

ஓவியம் இப்போது ஸ்பெயினில் இல்லை. இத்தாலியில் பார்மா பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. நேரே அங்கே போய் நின்றால் பாதிதான் பிடிபடும். இவர் ஏன் கிரீடமும் சிம்மாசனமும் இல்லாமல் சீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கான விடை ஸ்பெயினில்தான் இருக்கிறது. அதனால் மாட்ரிட்டில் தொடங்கி, அவர் வாழ்ந்த வீடுகள் வழியாகப் போய், கடைசியில் ஓவியத்தின் முன் நிற்கும்படி இந்தப் பயணம்.

வியாழக்கிழமை புறப்படுவது வசதி. வழியில் வரும் சிறிய அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடியிருக்கும். வியாழனில் தொடங்கினால் அந்தத் திங்கள் தானாகவே நாடு மாறும் நாளாக அமைந்துவிடும்.

முதல் நாள், வியாழன். மாட்ரிட், பிராடோ

பிராடோ அருங்காட்சியகத்தில் மாலை ஆறிலிருந்து எட்டு வரை நுழைவு இலவசம். ஞாயிறன்று ஐந்திலிருந்து ஏழு வரை. இந்த வேலைக்கு அந்த இரண்டு மணி நேரம் போதாது. வரிசையிலேயே கணிசமான நேரம் போய்விடும், உள்ளே நுழைந்த கூட்டம் முழுக்க வெலாஸ்கெஸின் புகழ்பெற்ற ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் முன்னால்தான் நிற்கும். நேரம் குறித்த காலைச் சீட்டை இணையத்தில் வாங்கி, பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுவது நல்லது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. குறிப்பேடு கொண்டுபோங்கள்.

முதலில் லூயி மிஷேல் வான் லூ 1743-இல் தீட்டிய ‘ஐந்தாம் பெலிப்பேயின் குடும்பம்’. நான்கு மீட்டருக்கு மேல் உயரம், ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். சிவப்புத் திரைச்சீலை, வானளாவும் தூண்கள், பின்னால் மாடத்தில் வாத்தியக்காரர்கள். இப்படி ஒரு மண்டபம் எந்த அரண்மனையிலும் இருந்ததில்லை. ஓவியர் கற்பனையில் எழுப்பியது. அதில் அப்பா பெலிப்பேக்கும் அம்மா இசபெல் தே பர்னேசியோவுக்கும் நடுவே நிற்கிற பதினாறு வயதுப் பையன்தான் நம் தோன் லூயிஸ். 1727-இல் பிறந்தவர். எட்டு வயதில், 1735-இல், அவரைக் கர்தினால் ஆக்கிவிட்டார்கள். கடைசி மகனுக்குத் திருச்சபை வருமானம் நிலைக்கட்டும் என்ற கணக்கு. அந்த வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. 1754-இல் பதவியைத் துறந்தார். இந்தப் படத்தில் அவர் நிற்கிற இடத்தையும் அந்த முகத்தையும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 41 ஆண்டு கழித்துள்ள முகத்தை ஆறாம் நாள் பார்க்கப் போகிறோம்.

அடுத்தது, தவறவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் உள்ள ஒரு சின்னப் பலகை. உயரம் அரை மீட்டர்கூட இல்லை. மரப்பலகையில் கோயா தீட்டிய மரியா தெரேசா தே வயாப்ரிகாவின் பக்கவாட்டு முகம். இவர்தான் தோன் லூயிஸின் மனைவி. 1783 ஆகஸ்ட் 27 அன்று காலை 11 முதல் 12 மணிக்குள் வரையப்பட்டது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒரு மணி நேர வேலை! கழுத்தும் உடையும் இரண்டு மூன்று இழுப்புகளில் முடிந்திருக்கின்றன. கன்னத்தின் ஓரமும் இமையும் மட்டும் நிதானமாக வந்திருக்கின்றன. தோன் லூயிஸின் பக்கவாட்டு முகத்தையும் அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு காலை வேளையில் இதே முறையில் எடுத்தார்.

குடும்பப் படங்கள் அன்று இப்படித்தான் உருவாயின. பதினான்கு பேரை மணிக்கணக்காக ஒரே அறையில் உட்கார வைக்க முடியாது, அதுவும் அரச குடும்பத்தை. தலைகளைத் தனித்தனியே உயிரோடு பார்த்து வரைந்துகொண்டு, பிறகு பெரிய கித்தானில் அவற்றைக் கோப்பார்கள். கோயா 1800-இல் நான்காம் கார்லோஸின் குடும்பத்தை வரைந்தபோதும் இதையே செய்தார். அரான்ஹுவெஸ் அரண்மனையில் எடுத்த அந்தத் தலைகளில் ஐந்து இதே பிராடோவில் இருக்கின்றன. இந்த முறையால் வரும் கெடுதல் ஒன்று உண்டு: பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்களின் பார்வைகள் சந்திக்காது. ஒவ்வொரு தலையும் தன் தனி அறையில் இருப்பதுபோலத் தெரியும். நான்காம் கார்லோஸ் குடும்பப் படத்தில் இதை நன்றாகவே பார்க்கலாம்.

லாஸ் மெனினாஸ் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள், இடப்பக்கம் மட்டும் பார்த்தால் போதும். பெரிய கித்தானுக்கு முன்னால், படத்தை வரைந்த வெலாஸ்கெஸே நிமிர்ந்து நிற்கிறார். கோயா 1778-இல் இந்த ஓவியத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்தவர். இதன் ஒவ்வொரு மூலையும் அவருக்கு மனப்பாடம்.

வெளியே வருமுன் ஓவியர் மெலேந்தெஸின் சாக்லெட் படம். 1770-இல் வரைந்தது, அரை மீட்டர் உயரம். ஒரு செம்புப் பாத்திரம், ஒரு கோப்பை, ரொட்டிகள். அதைப் பற்றி நாளை.

இரண்டாம் நாள், வெள்ளி. மாட்ரிட், ஒரு அடுக்களையும் ஒரு கடையும்

பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்பெயினில் அன்றாட வீட்டு வாழ்க்கையை அதிகம் வரைந்தவர்கள் எண்ணெய் வண்ண ஓவியர்கள் அல்ல, ஓடு வண்ணம் தீட்டியவர்கள். மோன்டால்பான் தெருவில், ரெதீரோ பூங்காவுக்குப் பக்கத்தில், தேசிய அலங்காரக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. நேரே மேல்மாடிக்குப் போய்விடுங்கள். அங்கே ஒரு வலென்சியா அடுக்களையை அப்படியே பெயர்த்து வந்து பொருத்தியிருக்கிறார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓடுகள். அடுப்பு, அலமாரி, தொங்கும் மீன், காய்கறி, பாத்திர வரிசை, வேலைக்காரர்கள், வீட்டு எஜமானி எல்லாம் ஏறக்குறைய ஆள் உயரத்தில். பூனை ஒன்று திருட்டுத்தனம் செய்துகொண்டிருக்கும், அதையும் தேடுங்கள்.

இந்த ஓடுகளை வரைவது எண்ணெய் ஓவியத்தைவிடக் கறாரான வேலை. ஒருமுறை சுட்ட களிமண் ஓட்டின் மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெள்ளைப் பூச்சைத் தடவுவார்கள். காய்ந்ததும் அது மாவு பூசினதுபோல் இருக்கும். தூரிகை பட்ட நொடியில் வண்ணத்தை உறிஞ்சிவிடும். அழிக்க முடியாது, திருத்த முடியாது. கோபால்ட் நீலம், மாங்கனீசு ஊதா, செம்பின் பச்சை, ஆன்டிமனி மஞ்சள், இரும்பின் ஆரஞ்சு என்று சூளையின் சூட்டைத் தாங்குகிற சில வண்ணங்கள்தான் கையில் இருந்தன. நல்ல சிவப்பு கிடையாது. அதனால்தான் ஓட்டுப் படங்களில் தக்காளிகூட ஆரஞ்சாக இருக்கிறது. வண்ணம் கனமாக விழுந்த இடத்தில் சூட்டில் வழியும், செம்புப் பச்சை அதிகமாகவே வழியும். இலைகளின் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும்.

எஜமானி வீட்டில் நடக்கிற முக்கியமான காரியம் சாக்லெட். நேற்று பார்த்த மெலேந்தெஸ் படத்திலிருந்த செம்புப் பாத்திரத்தின் பெயர் சொகொலாத்தேரா. அடி அகலம், கழுத்து குறுகல், பக்கவாட்டில் பிடி. மூடியின் நடுவே ஒரு துளை, அதன் வழியே மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கட்டைக்கு மொலினீயோ என்று பெயர். மத்தேதான், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து முன்னும் பின்னும் உருட்டுவார்கள். அளவு இது: ஒரு கோப்பைக்கு ஓர் அவுன்ஸ் சாக்லெட், அதாவது ஏறத்தாழ 29 கிராம். கட்டியைச் சீவிப் போட்டு, தண்ணீர் விட்டு, பொங்கி வரும்போது நெருப்பிலிருந்து தூக்கி, அடங்கியதும் மறுபடி வைத்து, கடைசியில் நுரை வரக் கடைந்து உடனே ஊற்ற வேண்டும். கடைவது சடங்குக்காக அல்ல. அன்றைய சாக்லெட்டில் கொக்கோவின் கொழுப்பு முழுதும் அப்படியே இருந்தது. கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறை 1828-இல்தான் ஹாலந்தில் வந்தது. கடையாமல் விட்டால் நெய் மேலே மிதக்கும், தூள் அடியில் தங்கும். அதிகமாகக் கொதிக்க விட்டாலும் இதே கதி.

கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைக்கு ஹீக்கரா என்று பெயர். அதை வைக்கிற தட்டின் நடுவே ஒரு வளையம் இருக்கும். கோப்பை அதில் உட்கார்ந்துகொள்ளும், கை நடுங்கினாலும் கவிழாது. தட்டுக்கு மன்செரினா என்று பெயர். பெருவில் அரசப் பிரதிநிதியாக இருந்த மன்செரா பிரபுவின் பெயரால் வந்தது. 1727-இல் தொடங்கிய அல்கோரா பீங்கான் ஆலை இந்தத் தட்டுகளை இலை வடிவிலும் சிப்பி வடிவிலும் செய்து தள்ளியது.

மதியம் செர்ரானோ தெருவில் லாசரோ கால்தியானோ அருங்காட்சியகம். பிற்பகல் மூன்று மணிக்கே மூடிவிடுவார்கள். அடுக்களையில் அதிகம் நின்றுவிட்டால் இது கைவிட்டுப் போகும். இங்கே பார்க்க வேண்டியது லூயிஸ் பரேத் 1772-இல் வரைந்த ‘கடை’. பலகையில் எண்ணெய் வண்ணம், உயரம் அரை மீட்டர்தான். பட்டும் நாடாவும் அலங்காரச் சாமானும் விற்கிற ஒரு மாட்ரிட் கடையில் ஒரு குடும்பம்: துணியைப் பார்க்கிற தாய், தந்தை, குழந்தையோடு தாதி. கடைக்காரரின் பின்னால் இருக்கும் அலமாரியில் ஒவ்வொரு பெட்டியையும் எண்ணிவிடலாம் போல அவ்வளவு துல்லியம். கோயா பிறந்த அதே 1746-இல் பிறந்தவர் பரேத். தோன் லூயிஸ்தான் இவரை ஆதரித்தவர். அவருடைய இயற்கை வரலாற்றுச் சேகரிப்பிலிருந்த பறவைகளையும், ஒரு வரிக்குதிரையையும் இவர் வரைந்திருக்கிறார். 1775-இல், தோன் லூயிஸின் காதல் விவகாரங்களுக்குத் துணைபோனதாகச் சொல்லி, அரசர் பரேத்தைப் புவேர்த்தோ ரீக்கோவுக்கு நாடுகடத்தினார். தம்பி தப்பித்தார், ஓவியர் மாட்டிக்கொண்டார். இந்த அநியாயத்தைச் சொல்லாமல் அந்தப் படத்தின் அழகை மட்டும் பேச மனம் வரவில்லை.

மூன்றாம் நாள், சனி. போவாதீயா தெல் மோன்தே

மெட்ரோ பத்தாம் வழியில் கொலோனியா ஹர்தீன் வரை போய், அங்கே மூன்றாம் இலகு ரயிலுக்கு மாற வேண்டும். அரண்மனையின் உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள். நகராட்சியின் தளத்தில் முன்பே இடம் பிடித்துவிட்டுப் போங்கள். தோட்டத்துக்கு மட்டுமானால் நேரே போகலாம்.

தோன் லூயிஸ் 1761-இல் இந்த ஊரை விலைக்கு வாங்கினார். கட்டடக் கலைஞர் வெந்தூரா ரொத்ரீகெஸ் அரண்மனையைக் கட்டினார். நீளமான, அடக்கமான செங்கல் முகப்பு. பின்னால் படிப்படியாக இறங்கும் தோட்டம். உள்நாட்டுப் போரில் நிறையச் சேதம் ஆகிவிட்டதால் அறைகள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கின்றன. அறைகலன்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அறைகளின் அளவைப் பார்க்கவே போக வேண்டும். இதுதான் அவர் விரும்பிக் கட்டிய வீடு, இதில்தான் அவரால் மனைவியோடு வாழ முடியாமல் போனது.

காரணம் ஒரு சட்டம். 1776 மார்ச்சில் மூன்றாம் கார்லோஸ் ஒரு திருமண ஆணை பிறப்பித்தார். 25 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மணக்கக் கூடாது என்பதும், தகுதிக்குக் குறைந்த திருமணத்துக்கு என்ன தண்டனை என்பதும் அதில் இருந்தன. அரச குடும்பத்துக்கும் அது பொருந்தும். மூன்றே மாதத்தில், ஜூன் 27 அன்று, தொலேதோ பக்கத்தில் ஒலீயாஸ் என்ற ஊரில் தோன் லூயிஸுக்குத் திருமணம். அவருக்கு வயது 48. அரகோன் நாட்டுப் பிரபு குடும்பத்துப் பெண் மரியா தெரேசாவுக்கு இருபதுகூட ஆகவில்லை. அரசர் அனுமதி கொடுத்தார், ஆனால் விலை வைத்தார்: மனைவி அரசவைக்கு வரக் கூடாது, பிள்ளைகளுக்கு போர்போன் என்ற பெயர் கிடையாது, அம்மாவின் குடும்பப் பெயர்தான், வாரிசுரிமையும் இல்லை. அண்ணன் இவ்வளவு கடுமையாக இருந்ததற்குப் பின்னால் பயம் இருந்தது. பட்டத்துக்கு வருபவர் ஸ்பெயினில் பிறந்து வளர்ந்திருக்க வேண்டும் என்று 1713-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. கார்லோஸ் நேப்பிள்ஸில் அரசராக இருந்துவிட்டு வந்தவர், அவருடைய வாரிசு அங்கே பிறந்தவர். தம்பிக்கு ஸ்பெயினில் பிறக்கும் ஆண் பிள்ளை, சட்டப்படி பார்த்தால், முன்னால் நின்றுவிடுவான்.

ஆகவே குடும்பம் மாட்ரிட்டை விட்டுத் தள்ளியே அலைந்தது. கதால்சோ, வெலாதா, பிறகு அரேனாஸ். போவாதீயாவுக்கும் மாட்ரிட்டுக்கும் இடையே குதிரை வண்டியில் சில மணி நேரம்தான். அவ்வளவு கிட்டத்தில் அவர்களை வைத்துக்கொள்ள அரசர் விரும்பவில்லை.

அரண்மனைத் தேவாலயத்தில் தோன் லூயிஸின் மகள், அம்மாவின் பெயரையே கொண்ட மரியா தெரேசாவின் கல்லறை இருக்கிறது. கோயா 1800-இல் கோதுமைக் கதிர் சூடிய தலையோடு, கர்ப்பிணியாக வரைந்த சின்சோன் சீமாட்டி இவர்தான். அந்த ஓவியம் பிராடோவில். முதல் நாளே பார்த்துவிட்டு வந்தால் இங்கே நிற்பதற்கு அர்த்தம் கூடும்.

நான்காம் நாள், ஞாயிறு. அரேனாஸ் தே சான் பெத்ரோ

மாட்ரிட் தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பார்த்த பிறகே போகும் சீட்டை வாங்குங்கள். ஞாயிறன்று பேருந்து குறைவு, கடைசி வண்டியைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். கிரேதோஸ் மலைத்தொடரின் தெற்குச் சரிவில் இருக்கிற ஊர். வடக்கே மலை காற்றைத் தடுப்பதால் மிதமான குளிர், ஆனால் கோடையில் நல்ல வெயில்.

ஊருக்கு மேலே மேட்டில் தோன் லூயிஸின் மோஸ்கேரா அரண்மனை. இதற்கும் திட்டம் வெந்தூரா ரொத்ரீகெஸுடையது என்பார்கள். திட்டமிட்டதில் ஒரு பகுதிதான் எழுந்தது. தூண் வைத்த முகப்பு கம்பீரமாக இருக்கிறது. பக்கவாட்டில் சுற்றி வந்தால் கட்டடம் சட்டென்று நின்றுபோயிருப்பது தெரியும். சுவரில் அடுத்த பகுதியோடு சேர்ப்பதற்காக விட்ட கற்களைத் தேடிப் பாருங்கள். 1785-இல் சொந்தக்காரர் இறந்ததும் வேலை நின்றுவிட்டது.

இந்த ஒதுங்கிய ஊரில் அவர் ஒரு சின்ன அரசவையையே நடத்தினார். செலோ வாசிப்பவரும் இசையமைப்பாளருமான லூயிஜி பொக்கெரினி 1770-இலிருந்து இவரிடம் ஊழியம். மாட்ரிட்டின் இரவுத் தெருக்களை ஒலிகளாக வடித்த அவருடைய ஐந்து வாத்திய இசைக்கோவை 1780 வாக்கில், மாட்ரிட்டை விட்டு விலகியிருந்த இந்தக் காலத்தில்தான் பிறந்தது.

கோயா 1783 கோடையில் வந்து ஒரு மாதம் தங்கினார், அடுத்த ஆண்டும் வந்தார். முதல் பயணத்துக்குப் பிறகு செப்டம்பர் 20 அன்று நண்பர் சபதேருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. வேறு ஓவியர்கள் வந்து தோற்றுப்போன இடத்தில் தான் ஜெயித்ததையும், இரண்டு தடவை இன்ஃபான்டேயோடு வேட்டைக்குப் போனதையும், ஆயிரம் துரோ பணமும் மனைவிக்கு முப்பதாயிரம் ரியால் மதிப்புள்ள வெள்ளிச் சரிகை, தங்கச் சரிகை அங்கியும் பரிசாகப் பெற்றதையும் எழுதுகிறார். இவர்கள் தேவதைகள் என்கிறார். அப்போது கோயாவுக்கு வயது 37, இன்னும் அரசவை ஓவியர் ஆகவில்லை. அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்ட வீடு இது.

நேரம் இருந்தால் ஊருக்கு வடக்கே உள்ள சான் பெத்ரோ தே அல்காந்தரா மடத்துக்கு நடந்து போகலாம். தோன் லூயிஸை முதலில் அடக்கம் செய்தது அங்கேதான். 1800-இல்தான் அவருடைய உடல் அரச குடும்பக் கல்லறையான எல் எஸ்கோரியாலுக்குப் போனது. பிள்ளைகளுக்கு போர்போன் பெயர் திரும்பக் கிடைத்ததும் அதற்கு முந்தின ஆண்டுதான்.

ஐந்தாம் நாள், திங்கள். பயணம்

மாட்ரிட்டிலிருந்து போலோஞாவுக்கு விமானம். விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி, சில நிமிடங்கள். அங்கிருந்து பார்மாவுக்குச் சாதாரண ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இரவு பார்மாவில் தங்குவது நல்லது.

தோன் லூயிஸின் அம்மா இசபெல் தே பர்னேசியோ 1692-இல் பிறந்த ஊர் இது. அவருடைய இன்னொரு மகன் பெலிப்பே 1748-இல் இங்கே கோமகன் ஆனார். ஆனால் ஓவியம் இந்தப் பக்கம் வந்தது அந்த உறவால் அல்ல. அது போவாதீயா அரண்மனையில் இருந்து, பரம்பரைச் சொத்தாகக் கைமாறி, இத்தாலியில் குடியேறிய ரூஸ்போலி வழியினரிடம் வந்து, அவர்களிடமிருந்து சேகரிப்பாளர் லூயிஜி மஞானி வாங்கினார்.

ஆறாம் நாள், செவ்வாய். மாமியானோ, ஓவியத்தின் முன்

பார்மாவுக்குத் தெற்கே 20 கிலோமீட்டர் தொலைவுக்குள் மாமியானோ. மஞானி ரோக்கா அறக்கட்டளை அவருடைய வில்லாவை அருங்காட்சியகமாக நடத்துகிறது. கவனிக்க வேண்டியவை இரண்டு. குளிர்காலத்தில் சில மாதம் மூடிவிடுவார்கள். இரண்டாவது, ஓவியம் சில சமயம் கடனாக வெளியே போகும். 2015-இல் லண்டன் தேசியக் கலைக்கூடத்தின் கோயா உருவப்பட காட்சிக்குப் போயிருந்தது. புறப்படும் முன் கேட்டுவிடுவது கட்டாயம்.

முதலில் ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கைப்பேசியிலும் புத்தகத்திலும் பார்த்த படம் உங்களை ஏமாற்றியிருக்கும்: அச்சில் இருட்டை வெளுப்பாக்கிவிடுவார்கள். நேரில் பின்னணி ஆழமான இருட்டு, கரும்பச்சைத் திரை. கண் பழக இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் நகர்ந்துவிட்டால் வலப்பக்கத்து ஆண்கள் கருப்புப் பரப்பாகவே தங்கிவிடுவார்கள். இருளை மெல்லிய, ஊடுருவித் தெரியும் பூச்சாக வைத்து, வெளிச்சத்தைக் கனமாக, மேடாக வைப்பது அன்றைய ராத்திரிப் படங்களின் வழி. மெல்லிய இருட்டு காலப்போக்கில் உள்வாங்கும், மேல்பூச்சு மஞ்சளாகும், கனமான வெள்ளை மட்டும் அசையாது. மனைவி வயாப்ரிகாவின் வெள்ளை அங்கி இன்றும் எரிவதற்கு அதுதான் காரணம்.

மனைவிதான் மையம், கணவர் அல்ல. அவர் முகம் நேரே நம்மைப் பார்த்தபடி, படத்தின் நடுவில், மிகுந்த வெளிச்சத்தில் இருக்கிறது. அந்த வெள்ளை அங்கியின் பெயர் பெய்னதோர், தலைவாரும்போது போர்த்துவது. அது ஏன் தேவை என்றால், முடியில் முதலில் பன்றி அல்லது ஆட்டுக் கொழுப்பில் செய்த பசையைத் தடவி, அதன்மேல் மாவுச்சத்துப் பொடியைத் தூவுவார்கள். பசை இல்லாமல் பொடி ஒட்டாது. பொடி இல்லாமல் பசை பளபளத்து வியர்வை போல் தெரியும். இரண்டும் பட்டில் விழுந்தால் பட்டு போச்சு. பின்னால் நிற்கிற முடிதிருத்துபவருக்குப் பெயர்கூட நிலைத்திருக்கிறது: சாந்தோஸ் காந்தியா. அரச குடும்பப் படத்தில் முடிதிருத்துபவர் வேலையை நிறுத்தாமல் இடம்பெறுவது, முதல் நாள் பார்த்த வான் லூவின் மண்டபத்தில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

கணவர் பக்கவாட்டில், மேசை ஓரத்தில். வயது 57, பல் போன கன்னம், அயர்ந்த தோள். சீட்டைத் தனியாக அடுக்கி ஆடுகிறார் என்பது பொதுவான கருத்து. ஸ்பானியச் சீட்டுக்கட்டில் காசு, கோப்பை, வாள், தடி என்று நான்கு சின்னம். படச்சீட்டில் சேவகன், குதிரைவீரன், அரசன் மூவர்தான், ராணி கிடையாது. அவருக்குப் பின்னால் மகன் லூயிஸ் மரியா, ஏழு வயது, அப்பாவைப் போலவே பக்கவாட்டு முகம். இருவரின் நெற்றியையும் மூக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தாற்போல் வைத்திருக்கிறார் கோயா. தனித்தனித் தலைகளைக் கோக்கும்போது வரும் கெடுதலை அவர் இங்கே பலமாக மாற்றிக்கொண்டார் என்பது எங்கள் கருத்து. பார்வைகள் சந்திக்கவில்லை என்றாலும் உறவு மூக்கின் கோட்டில் தெரிகிறது.

மெழுகுவத்தியைக் கவனியுங்கள். ஒன்றுதான். அன்று எரிந்து தானாகச் சுருண்டு சாம்பலாகும் பின்னல் திரி கிடையாது, அது 1820-களில் வந்தது. கொழுப்பு மெழுகுவத்தி என்றால் சில நிமிடத்துக்கு ஒருமுறை கத்தரியால் திரியை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் புகையும், வழியும். தேன்மெழுகு தொல்லை குறைவு, விலை அதிகம். ஒரு மெழுகுவத்தி பதினான்கு பேரை இந்த அளவு ஒளியேற்ற முடியாது; வயாப்ரிகா மேல் விழுகிற ஒளியின் கணக்கு சுடரோடு ஒத்துவரவில்லை. கோயா அதைத் தெரிந்தே செய்திருக்கிறார். சுடர் ‘இப்போது ராத்திரி’ என்று சொல்வதற்கு, முகங்களுக்கு வேறு ஒளி.

வலப்பக்கம் தாதி இசித்ரா ஃபுவென்தெஸின் கையில் கடைக்குட்டி மரியா லூயிசா, ஒரு வயது. அருகில் நிற்கும் ஆண்களின் பெயர்கள் பற்றி அறிஞர்களிடையே இன்னும் வாதம் உண்டு. ஒருவரைப் பொக்கெரினி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். தலையில் வெள்ளைத் துணிக் கட்டோடு ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். வேலை முடிந்து பொய்முடியைக் கழற்றி வைத்த பின், மழித்த தலைக்குக் கட்டுகிற வீட்டுத் துணியாகவே அதைப் படிக்கத் தோன்றுகிறது. அரச மகனின் முன்னால் அந்தக் கோலத்தில் நிற்க அனுமதித்த வீடு.

அரசவை விலக்கிய குடும்பத்துக்கு மிச்சமிருந்தது வீடு ஒன்றுதான். கோயா அதை மறைக்காமல், அலங்கரிக்காமல், அதையே படத்தின் பொருளாக்கினார். சீட்டும் சீப்பும் தாதியும் கர்தினால் அங்கிக்கும் கிரீடத்துக்கும் பதிலாக வந்த இட்டுநிரப்பல் அல்ல. 1776-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு விட்டுவைத்தவை இவைதாம். இதை வெறும் இயல்பான குடும்பக் காட்சி என்று எழுதும் வழிகாட்டி நூல்கள் பாதியை விட்டுவிடுகின்றன.

இப்போது கிட்டே வாருங்கள், இடது கீழ் மூலைக்கு. பெரிய கித்தானுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பவர் கோயா. வெலாஸ்கெஸ் நின்றார், இவர் தாழ உட்கார்ந்திருக்கிறார். அப்படித் தாழ்ந்து ஓர் ஓவியர் உண்மையில் இந்த அளவு கித்தானை வரைய முடியாது. மேல் பாதிக்குக் கையே எட்டாது. வேலை செய்யும் முறையைக் காட்ட அல்ல, அந்த வீட்டில் தனக்கு இருந்த இடத்தைக் காட்டவே அப்படி உட்கார்ந்திருக்கிறார். வேலைக்காரர்களின் வரிசையில்தான் அவரும்.

அவர் பக்கத்தில் நின்று, என்னதான் செய்கிறார் என்று எட்டிப் பார்க்கிற சின்னப் பெண் மகள் மரியா தெரேசா. போவாதீயாவில் கல்லறை பார்த்தோமே, அவள். படம் வரைந்த மறு ஆண்டு, 1785 ஆகஸ்ட் 7 அன்று, அப்பா இறந்தார். பையனைத் தொலேதோவில் பேராயரின் பொறுப்பில் விட்டார்கள். இரண்டு பெண்களையும் அதே ஊரில் சான் கிளெமென்தே கன்னியர் மடத்துக்கு அனுப்பினார்கள். அம்மாவிடமிருந்து பிரித்துத்தான்.

திரும்பும் பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தால் மற்ற அறைகளில் தித்சியானோ, தியூரர், மொராந்தி ஆகிய ஓவியர்களின் படங்கள் எல்லாம் உண்டு. நேரம் இல்லாவிட்டால் இந்த இடது மூலையிலேயே நின்றுவிடுங்கள்.